முகம் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பதினோரு வருடமாக சீரியலில் நடிக்கிறேன். அண்ணி, நாத்தனார் வேடம்தான். வரும் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் என்னை நிறுத்த ஒரு கட்சியினர் வீடு தேடி வந்துவிட்டார்கள். "உங்க முகம் போதும் மேடம், மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். கணவருக்கு என்னைவிட ஆசை. மாமியாரோ "நடிச்சது பத்தாதா?" என்கிறார். ஜெயலலிதாவும் சினிமாவிலிருந்துதானே வந்தார்? பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெயலலிதா பெயரை எடுத்துவிட்டீர்கள். சரி, அங்கிருந்தே வருவோம். அவரை உதாரணம் சொல்கிறவர்கள் 1965-ல் வந்த 'வெண்ணிற ஆடை'யிலிருந்து ஒரே தாவாக 1991-ன் முதல்வர் நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது நடுவில் கிடக்கிறது.

1982-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்தபோது, எம்.ஜி.ஆரோடு 28 படங்களில் நடித்த முகம் அது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கடலூர் மாநாட்டில் 'பெண்ணின் பெருமை' என்று பேசினார். அடுத்த வருடமே கொள்கை பரப்புச் செயலாளர் ஆக்கினார்கள், திருச்செந்தூர் இடைத்தேர்தலுக்குப் பிரசாரத்துக்கு அனுப்பினார்கள். 1984-ல் மாநிலங்களவை. சர்ச் பார்க் பள்ளியில் படித்த ஆங்கிலம் டெல்லியில் கைகொடுத்தது. எம்.ஜி.ஆர். தூக்கிவிட்டார் என்று ஊரே சொன்னது. பொய்யில்லை. ஆனால் அதே வருடம் அவர் படுக்கையில் விழுந்து அமெரிக்காவுக்கு சிகிச்சைக்குப் போனதும், கட்சிக்குள்ளேயே இவரை ஓரங்கட்டப் பார்த்தார்கள். உங்களிடம் "மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்றவர்களும் இப்படித்தான். அந்த 'நாங்க' என்றைக்கும் ஒரே ஆளாக இருக்காது.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து ராஜாஜி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உடலின் தலைமாட்டில் ஜெயலலிதா நின்றுகொண்டே இருந்தார். முதல் நாள் பதின்மூன்று மணி நேரம், மறுநாள் எட்டு மணி நேரம் என்று அப்புறம் பத்திரிகைகளில் படித்தோம். என் அம்மா இடையில் எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வந்து, "இன்னுமாடி உக்காரல அது?" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் பீரங்கி வண்டியில் ஏறப்போனவரைக் கீழே தள்ளினார்கள். எந்த டைரக்டரும் 'கட்' சொல்லி முடித்துவைக்கிற காட்சி இல்லை அது.

அந்தக் கதையில் இன்னொரு நடிகையும் இருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஜானகி அம்மாள். எம்.ஜி.ஆரின் மனைவி, அவரோடு ஜோடியாக நடித்தவர், இருபத்து சொச்சம் நாள் முதல்வர். முகமும் இருந்தது, அனுதாபமும் இருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, 1989 தேர்தலில் இரட்டைப் புறா சின்னத்தில் ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா அணிக்கு 27 இடம். போடியில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அதே வருடம் மார்ச் 25-ல் சட்டசபையில் நடந்த அமளியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கலைந்த தலையும் சேலையுமாக அவர் வெளியே வந்ததை ஊரே பார்த்தது. இனி முதல்வராகத்தான் உள்ளே வருவேன் என்று சொல்லிப் போனவர், இரண்டே வருடத்தில் அப்படியே வந்தார். அப்போது 43 வயது.

இங்கேயே நிறுத்திவிட்டால் உங்கள் கணவர் சந்தோஷப்படுவார். 1996-ல் என்ன ஆனது? முதல்வராக இருந்துகொண்டே பர்கூரில் தோற்றார். வளர்ப்பு மகன் கல்யாண ஆடம்பரமும் ஊழல் புகார்களும் சனங்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தன. கட்சிக்கு நாலே நாலு இடம். முகம் அதே முகம்தான்.

மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஜெயலலிதா சின்ன வயதில் தன் அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பள்ளியில் பரிசு வாங்கினார். அந்த அம்மா நடிகை சந்தியா. நோட்டைக் காட்டலாம் என்றால் அவர் ஷூட்டிங் முடிந்து வரவே நேரமாகும். நோட்டும் கையுமாகக் காத்திருந்து அந்தப் பெண் அப்படியே தூங்கிப்போனதாம். அவரே பின்னாளில் சொன்னது இது. கவுன்சிலர் வீட்டுக் கதவை ராத்திரி பதினோரு மணிக்கும் தட்டுவார்கள். குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது, தெருவிளக்கு எரியவில்லை, பிணம் எடுக்க வண்டி வேண்டும் என்பார்கள். உங்கள் பெண்ணிடம் முன்கூட்டியே பேசுங்கள். பத்து வயதுக்கு நன்றாகவே புரியும்.

மாமியாரிடம் வைஜெயந்திமாலா பெயரைச் சொல்லிப் பாருங்கள். 1984-லும் 1989-லும் தென்சென்னை எம்.பி. ஆனவர், ஆனாலும் பரதத்தை விடவில்லை. நீங்களும் சீரியலை அடியோடு விட்டுவிடாதீர்கள். கையில் சொந்தச் சம்பாத்தியம் இருக்கிற பெண் கட்சி ஆபீசில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

கணவரின் ஆசைதான் எனக்கு உதைக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தும், பல வார்டுகளில் மனைவி பெயரில் ஜெயித்து கணவர்தான் கவுன்சிலர் போல வலம் வருகிறார். காண்ட்ராக்டர் யாருக்கு போன் போடுவார், உங்களுக்கா அவருக்கா? வேட்புமனு போடும் முன் இதை வீட்டுக்குள் பேசி முடித்துவிடுங்கள்.

என் யோசனை: உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். வட்டச் செயலாளரிடம் வார்டின் வாக்காளர் பட்டியலை வாங்கி, மேக்கப் இல்லாமல், வாரம் இரண்டு தெரு நடந்துவிட்டு வாருங்கள். "அடுத்த வாரம் அந்த அண்ணி செத்துருவாளா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும், சிரித்துவிட்டு, வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று நீங்கள் கேளுங்கள். பட்டியலைக் கேட்டதும் அந்தச் செயலாளர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.