இருட்டில் ஒளிரும் பொடி: கேள்வி - பதில்

கேள்வி: இருட்டில் ஒளிரும் பச்சைப் பொடியை, தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட்டில் குழைத்து சுவிட்ச் போர்டைச் சுற்றிப் பூசினேன். குழைக்கும்போதே கட்டி தட்டியது, ஒளியும் மங்கல். பொடி போலியா?

பதில்: போலியாக இருக்க வாய்ப்புக் குறைவு, தண்ணீர்தான் கெடுத்திருக்கும். பச்சையாகப் பல மணி நேரம் ஒளிரும் பொடி பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்; அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அரிய தனிமங்கள் துளியளவு இருக்கும். ஈரம் பட்டால் இது சிதைந்து இறுகிவிடும். துகள்களுக்கு மேலுறை பூசி, நீர் தாங்கும் ரகமாகவும் விற்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகையை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு மறுநாள் பாருங்கள். அடியில் கல்லாக ஒட்டியிருந்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளும் நீலமானால் மேலுறை இல்லை என்று அர்த்தம். அதை எபாக்சி பிசினிலோ, தண்ணீர் சேராத பாலியூரித்தேன் கிளியரிலோ (நிறமற்ற பூச்சு) மட்டும் கலக்கலாம்.

எடைக் கணக்கில் 3 பங்கு கிளியருக்கு 1 பங்கு பொடி போதும். பொடி கனமானது, சீக்கிரம் அடியில் படியும். பூசும்போது அடிக்கடி கிளறுங்கள், மரக்குச்சியால். டிரில்லில் இரும்புத் துடுப்பை மாட்டிச் சுழற்றினால், கடினமான துகள்கள் இரும்பைச் சுரண்டிக் கலவை சாம்பல் நிறமாகும். துகள் உடைய உடைய ஒளியும் குறையும். அடியில் வெள்ளைப் பூச்சு கட்டாயம். கறுப்புச் சுவரில் நேரடியாகப் பூசினால் பாதி ஒளியைச் சுவரே விழுங்கிவிடும். வெள்ளையின்மேல் இரண்டு மூன்று கோட். கடைசியாக அடிக்கும் வார்னிஷ் புற ஊதாவைத் தடுக்கும் வகையாக இருக்க வேண்டாம். பொடிக்குத் தீனியே புற ஊதாதான்.

கேள்வி: இரவெல்லாம் சிவப்பு விளக்கின் கீழ் வைத்தும் ஸ்டிக்கர் ஒளிரவில்லையே?

பதில்: வருடம் முழுக்க வைத்தாலும் ஒளிராது. பொடிக்குள் எலக்ட்ரானைக் கிளப்பி, எலிப்பொறி போன்ற ஒரு பொறியில் மாட்டிவிட நீலம், ஊதா, புற ஊதா ஒளிக்குத்தான் தெம்பு உண்டு. வெயிலில் சில நிமிடங்கள் போதும். மஞ்சள் பல்பு என்றால் வெகுநேரம் பிடிக்கும். மாட்டிய எலக்ட்ரான் விடுபடும்போதுதான் ஒளி வரும்; அதை விடுவிப்பது வெப்பம். பாதி மங்கிய ஸ்டிக்கரில் ஹேர் டிரையரைக் காட்டினால் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். ஃப்ரீசரில் வைத்தால் மங்கும். வெளியே எடுத்ததும் மிச்சம் மீண்டு வரும்.

விளக்கை அணைத்த முதல் சில நிமிடங்களில் ஒளி மளமளவென்று சரியும், பிறகு மெதுவாக இழுக்கும். நள்ளிரவில் விழித்த கண்ணுக்கு அந்த மிச்சமே தாராளம்.

கேள்வி: எல்லோரும் இதை ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்கிறார்கள். ஆபத்தா?

பதில்: பெயர் மட்டும்தான் மிச்சம், இவற்றில் ரேடியம் இல்லை. பழைய கைக்கடிகார முள்களில் ரேடியத்தைத் துத்தநாக சல்பைடோடு கலந்து பூசினார்கள்; வெளிச்சம் காட்டாமலே ஒளிர்ந்தது. தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கத் தொழிலாளப் பெண்கள் 1920-களில் தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். அந்தக் கடிகாரம் இன்று ஒளிராவிட்டாலும் கவனம் தேவை: செத்தது சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். மூடியைத் திறக்காதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள்.