பாரம் இறங்கவில்லையே - கடிதமும் பதிலும்

அன்புள்ள சகோதரருக்கு,

பைபிளின் சங்கீதங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் கூடவே இருந்த தோழி, ஒன்றாக உட்கார்ந்து ஜெபித்தவள், நான் நம்பிச் சொன்ன விஷயங்களை வெளியே பேசி என் குடும்பத்துக்குள் பெரிய பிளவை உண்டாக்கிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னைவிட நன்றாகவே இருக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அனுப்பியது ஒரே வசனம்: "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்." வைத்துப் பார்த்துவிட்டேன். பாரம் இறங்கவில்லை. தினமும் காலையில் 23, 91, 121 என்று ஆறுதலான சங்கீதங்களாக எடுத்துத் தியானிக்கிறேன். வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி நெஞ்சு படபடக்கிறது. ஆராதனையில் எல்லாரும் பாடும்போது என் வாய் மட்டும்தான் அசைகிறது, பொய் சொல்வதுபோல இருக்கிறது. என் விசுவாசத்தில்தான் குறையா? மனதில் சமாதானம் வரும்வரை துதிக்காமல் இருப்பதுதான் நேர்மையா? கடவுளிடம் கோபமாகப் பேசத் தோன்றுகிறது, அதற்கும் பயமாக இருக்கிறது. அவளை மன்னிக்கவும் முடியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு எல்லாரும் அனுப்பிய அந்த வசனம் சங்கீதம் 55-ல் வருகிறது, 22-ஆம் வசனம். அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தச் சங்கீதத்தை முழுசாக வாசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வாசித்திருந்தால் அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது அப்படியே உங்கள் கதை.

பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வசனத்திலிருந்து போய்ப் பாருங்கள். "என் இருதயம் எனக்குள் வியாகுலப்படுகிறது" என்கிறான் பாடுகிறவன், பயமும் நடுக்கமும் பிடித்தது என்கிறான், புறாவைப்போல் சிறகு இருந்தால் எங்காவது பறந்துபோய் இளைப்பாறுவேனே என்கிறான். ஏன் இத்தனை கலக்கம்? எதிரி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பானாம். செய்தது கூட இருந்தவன். "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்." அடுத்த வரியில் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போனதை நினைத்துக்கொள்கிறான். ஒன்றாக ஜெபித்தவள் என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதைத்தான். தாவீது ராஜாவுக்கு எதிராகக் கிளம்பிய அவன் மகன் அப்சலோமின் பக்கம் சாய்ந்த தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேலைத்தான் இது சொல்கிறது என்று பலர் விளக்குவார்கள், இருக்கலாம், ஆனால் சங்கீதம் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நல்லது, அந்த இடத்தில் நீங்கள் ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது 22-ஆம் வசனத்துக்கு வாருங்கள். அதற்கு முந்தின வசனம் என்ன? அந்தத் தோழனின் வாய்ச்சொற்கள் வெண்ணெயைப்போல மெதுவானவை, அவன் இருதயமோ யுத்தம். பிந்தின வசனம் என்ன? அவர்களை அழிவின் குழியில் இறங்கப்பண்ணுவீர், சூதுள்ள மனுஷர் பாதி ஆயுளும் பிழைத்திருக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" நிற்கிறது. காயமும் கோபமும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. சொல்லி முடித்ததும் அவன் மனது அமைதியாகிவிட்டதா என்றால் ஆகவில்லை, அடுத்த வரியிலேயே திரும்பவும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறான். கடைசியில் ஒரே ஒரு சிறு வாக்கியம்: "நானோ உம்மை நம்பியிருக்கிறேன்." அவ்வளவுதான், சங்கீதம் முடிந்துவிடுகிறது.

ஆகவே பாரத்தை வைத்துப் பார்த்தும் இறங்கவில்லை என்று நீங்கள் சொல்வது விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்த வசனத்தைப் பாடியவனுக்கும் அன்றைக்கு அதேதான் நடந்திருக்கிறது. பூப்படம் போட்ட அட்டையில் ஒற்றை வசனமாக வெட்டி ஒட்டும்போது அது ஏதோ மாத்திரை மாதிரி ஆகிவிடுகிறது, போட்டால் குணமாக வேண்டும், குணமாகவில்லை என்றால் போட்டவரிடம் கோளாறு. எனக்கு இந்த வசன அட்டைகள் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. அனுப்புகிறவர்களின் அன்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் உடைந்துபோன ஒருவருக்கு முழுச் சங்கீதத்தையும் கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதற்கும் அதிலிருந்து ஒரு வரியை அனுப்பிவிட்டுப் போவதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

கோபமாகப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 150 சங்கீதங்களில் மிகப் பெரிய தொகுதி எது தெரியுமா? துதிப்பாட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். முறையீடுகள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13 ஆரம்பிக்கிறது. தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்று 77 கேட்கிறது. 88 இன்னும் கடுமை, அதில் ஆறுதல் என்று ஒரு வரிகூடத் தேறாது, நண்பர்களை என்னைவிட்டுத் தூரமாக விலக்கினீர் என்று கடவுளையே குற்றம்சாட்டி இருட்டிலேயே முடிகிறது. இவற்றையெல்லாம் யாரோ மறைத்து எழுதி வைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் பாடியிருக்கிறார்கள். இயேசு சிலுவையில் சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" சங்கீதம் 22-ன் முதல் வரி, "உமது கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" 31-லிருந்து வருகிறது. முதலாவதை மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள், இரண்டாவதை லூக்கா எழுதுகிறார். முறையீட்டுச் சங்கீதத்தை அவரே தன் வாயால் சொல்லியிருக்கும்போது நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

நான் சொல்ல வருவது இதுதான்: சங்கீதங்களில் நம்பிக்கை என்பது கலக்கம் தீர்ந்த பிறகு வருகிற ஒன்றாக இல்லை. முறையிடுவதே நம்பிக்கையாக இருக்கிறது. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவன் யாரிடம் போய் எதுவரைக்கும் என்று கேட்பான்? 88-ல்கூட முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. அதே 55-ல் ஒரு வசனம் பாருங்கள், "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்." தியானமும் முறையீடும் அவனுக்கு ஒரே மூச்சில் வருகிறது. நீங்கள் காலையில் தியானத்தை மட்டும் செய்துவிட்டு முறையீட்டை நாள் முழுக்க உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைகிறீர்கள் என்று தோன்றுகிறது, உங்கள் படபடப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் விரும்பி வாசிக்கிற 23-லும் பாருங்கள், சத்துருக்கள் எங்கேயும் போய்விடவில்லை. "என் சத்துருக்களுக்கு முன்பாக நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி" என்றுதான் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட உட்காருகிறான். அவள் நன்றாக இருக்கிறாளே என்கிற உங்கள் வேதனைக்கு 73-ஐ வாசியுங்கள், ஆசாப்பின் சங்கீதம். துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்கிற பாட்டு அது, நான் சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம் என்கிற வரைக்கும் போகிறான்.

மனசமாதானத்துக்கு என்று ஒரு சங்கீதம் சொல்ல வேண்டுமானால் நான் 62-ஐச் சொல்வேன். முதல் வசனம், "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது." எவ்வளவு நிதானமாக ஆரம்பிக்கிறது! அப்புறம் இரண்டு வசனம் தனக்குத் தீங்கு நினைக்கிறவர்களைப் பற்றிப் போகிறது, வாயினால் ஆசீர்வதித்து உள்ளத்தில் சபிக்கிறவர்கள். அது முடிந்து 5-ஆம் வசனத்துக்கு வந்தால் அதே வாக்கியம் திரும்ப வருகிறது, ஆனால் இந்தத் தடவை "என் ஆத்துமாவே, தேவனையே நோக்கி அமர்ந்திரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அமர்ந்திருந்த ஆத்துமா அந்த நாலு வரிக்குள் எழுந்து ஓடிவிட்டது, மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. எழுதினவனுக்கு நாலு வரிக்குள் கலைந்தது உங்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கலைகிறது என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. திரும்பச் சொல்லுங்கள். சமாதானம் ஒரு தடவை வந்து நிரந்தரமாகக் குடியிருக்கும் என்று சங்கீதங்கள் எங்கேயும் வாக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

துதியைப் பற்றி. உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனாலும் சமாதானம் வரும்வரை துதிக்காமல் இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 42-ஐயும் 43-ஐயும் சேர்த்து வாசியுங்கள், இரண்டும் ஒரே பாட்டாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பல்லவி இரண்டிலுமாக மூன்று தடவை வருகிறது. என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய், தேவனை நோக்கிக் காத்திரு, "நான் இன்னும் அவரைத் துதிப்பேன்." அவன் அப்போது துதித்துக்கொண்டிருக்கவில்லை. இராப்பகல் கண்ணீரே உணவாக இருக்கிறது, உன் தேவன் எங்கே என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். துதிப்பேன் என்று வரப்போகிற நாளைப் பற்றிச் சொல்கிறான். இப்படிச் சொல்வதில் பொய் எதுவும் இல்லையே. ஆராதனையில் வாய் மட்டும் அசைகிறது என்றால் பாடுகிறவர்கள் நடுவில் சும்மா நின்று, இன்றைக்கு முடியவில்லை, இன்னும் துதிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வாருங்கள், போதும். புத்தகத்தின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. முன்பாதியில் முறையீடுகள் நெருக்கமாக வருகின்றன, போகப்போகத் துதி கூடுகிறது, 146 முதல் 150 வரை ஐந்தும் அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடிகின்றன. யாரும் முதல் பக்கத்திலேயே 150-ஆம் சங்கீதத்தில் நிற்பதில்லை.

மன்னிப்புதான் இதில் கஷ்டமான இடம். 55-ல் அந்தத் தோழனோடு சேர்ந்தவர்கள் உயிருடன் பாதாளத்தில் இறங்கட்டும் என்கிற வரி இருக்கிறது, 109-ல் வரிசையாகச் சாபம் வருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்ட கத்தோலிக்க ஜெபநூலில் 58, 83, 109 ஆகிய மூன்றையும் விட்டுவிட்டார்கள், வேறு சிலவற்றிலும் சில வசனங்களை எடுத்துவிட்டார்கள். காரணம் புரிகிறது, இருந்தாலும் அவை இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். பழிவாங்கத் துடிக்கிறவன் கத்தியை எடுக்காமல், பழி சொல்லித் திரியாமல், அந்தத் துடிப்பை அப்படியே கொண்டுபோய்க் கடவுள் முன்னால் கொட்டுகிறான், தீர்ப்பை அவர் கையில் விட்டுவிடுகிறான். நாம் மன்னிக்கும்படிதான் அழைக்கப்பட்டிருக்கிறோம், சிலுவையில் இயேசு தன்னை அறைந்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டதை அதே லூக்காதான் எழுதுகிறார். ஆனால் இல்லாத மன்னிப்பை இருப்பதாகக் காட்டிக்கொண்டு ஜெபித்தால் அது எங்கே போய்ச் சேரும்? இருக்கிற கோபத்தை அவரிடம் சொல்லுங்கள், அவளிடமோ அவளைத் தெரிந்தவர்களிடமோ வேண்டாம்.

எப்படி வாசிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எடுத்துத் தேர்ந்து வாசிக்காமல் வரிசையாகப் போங்கள். பெனடிக்ட் தன் துறவிகளுக்கு ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில் 150-ஐயும் ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார், ஆங்கிலிக்கன் பொது ஜெபப்புத்தகம் காலை மாலை என்று 30 நாளுக்குப் பங்கிடுகிறது. உங்களுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம், நாளுக்கு ஒன்று, வாய்விட்டு, முழுசாக. வரிசையில் போவதில் ஒரு நன்மை உண்டு, அன்றைக்கு வருகிற சங்கீதம் உங்கள் மனநிலைக்குப் பொருந்தாமல் போகும். நீங்கள் கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாளில் 88 வந்து நிற்கும், அன்றைக்கு அதை அந்த இருட்டில் இருக்கிற வேறு யாருக்காகவாவது சொல்லலாம். நீங்கள் தளர்ந்திருக்கிற நாளில் 103 வரும், அன்றைக்கு அதை வேறு யாராவது உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

119-க்கு மட்டும் விதிவிலக்கு, 176 வசனத்தை ஒரே நாளில் இழுக்க வேண்டாம், எட்டு எட்டாகவே பிரித்திருக்கிறது, ஒரு பிரிவு ஒரு நாள் போதும். தூக்கம் வராத ராத்திரிக்கு 4-ஆம் சங்கீதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எட்டே வசனம்தான், மனப்பாடம் ஆகிவிடும். தூக்கமே இல்லாமல் நாட்கள் ஓடுகின்றன என்றால் மருத்துவரையும் பாருங்கள், அதனால் உங்கள் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

55-லிருந்து ஆரம்பித்துவிட்டு அப்புறம் வரிசைக்குப் போங்கள். 73 வரைக்கும் வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.