முதல் மூன்று நிமிடம்

வணக்கம் அண்ணா,

நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தவன் நான். போன மாதம் முதல்முறையாக ஒரு டைம் ட்ரையல் ஓட்டினேன், ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி நேரத்தோடு போட்டி போடும் பந்தயம். சமதளத்தில் 8 கிலோமீட்டர் போய், திரும்பி வர வேண்டும். காற்று பெரிதாக இல்லை. போக 12 நிமிடம் 50 விநாடி, வர 15 நிமிடம் 20 விநாடி. முதல் கிலோமீட்டரில் வேக மீட்டர் மணிக்கு 42 கிலோமீட்டர் காட்டியது. இன்று நம்ம நாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நான்கு கிலோமீட்டர் கால் சுற்றவே இல்லை. "ஆரம்பத்தில் சம்பாதித்ததுதான் மிச்சம், கடைசியில் எல்லோருக்கும் கால் போகத்தான் செய்யும்" என்கிறார் கூட ஓட்டும் நண்பர். சரியா? ஐந்து வாரத்தில் அதே தூரத்தை மறுபடி ஓட்டப்போகிறேன். மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் கிடையாது, ஹார்ட்ரேட் வாட்ச் இருக்கிறது. எப்படித் தயாராவது?

க.

அன்புள்ள க.,

சரியில்லை. ஆனால் நண்பர் மேல் வருத்தம் வேண்டாம், நானும் அவர் கட்சியில் இருந்தவன்தான். என் முதல் டைம் ட்ரையலில் எனக்கு ஒரு நிமிடம் பின்னால் கிளம்பியவர் பாதி வழியிலேயே என்னைத் தாண்டிப் போனார். என்னைவிட மூத்தவர். எனக்கு வாயெல்லாம் இரும்பு ருசி, தலை தொங்கிவிட்டது, இடுப்பு சீட்டில் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகு ஆடவே இல்லை. அதைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 28 நிமிடம் 10 விநாடி என்றால் சராசரி வேகம் 34. நீங்கள் கிளம்பியது 42இல். சமதளத்தில் இந்த வேகத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்றுதான். அதைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்காக ஏறும். 34ஐ 42 ஆக்கும்போது வேகம் கால் பங்குகூடக் கூடவில்லை, ஆனால் காற்றுக்குக் கொடுக்கிற சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் சம்பாதித்தது விநாடிகள். திரும்பும்போது விட்டது இரண்டரை நிமிடம்.

இதில் ஏமாற்றுவது உடம்புதான். நன்றாக ஓய்வெடுத்த கால், பந்தயப் படபடப்பு. முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு மிதித்தாலும் வலிக்காது. ஹார்ட்ரேட்டும் உடனே ஏறாது, காலுக்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்து சேரும். அதனால் அந்த நேரத்தில் வாட்சைப் பார்த்து "இன்னும் இடமிருக்கிறதே" என்று மிதிப்பதுதான் பெரிய பிழை. மூச்சைக் கவனியுங்கள். மூன்றாவது நிமிடம்வரை 'இவ்வளவுதானா, கொஞ்சம் மெதுவாகப் போகிறோமோ' என்று சந்தேகம் இருந்தால் சரியாகப் போகிறீர்கள். நாலாவது கிலோமீட்டரில் அதே வேகம் தானாகவே கடினமாகிவிடும். அங்கிருந்து வாட்சை நம்பலாம்.

அப்புறம், திரும்பியதிலிருந்து பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை. ஆரம்பத்தின் உற்சாகம் போயிருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. யாரும் அறியாமல் வேகம் குறைவது இங்கேதான். மிச்சம் வைத்ததைச் செலவழிக்கத் தொடங்க வேண்டிய இடமும் இதுதான், கடைசி ஐந்நூறு மீட்டர் அல்ல. கடைசியில் ஸ்பிரிண்ட் அடிக்கத் தெம்பு இருந்தால் நடுவில் எங்கோ கஞ்சத்தனம் செய்திருக்கிறீர்கள்.

இந்த முறை காற்று அடித்தால் எதிர்க்காற்றில் கொஞ்சம் கூடுதலாகவும் பின்காற்றில் கொஞ்சம் குறைவாகவும் மிதியுங்கள். போக 30, வர 40 என்றால் சராசரி 35 வராது, 34தான் வரும். மெதுவான பக்கத்தில் அதிக நேரம் இருக்கிறோம் அல்லவா? அதற்காக எதிர்க்காற்றோடு சண்டை போட வேண்டாம்.

பல நாள் ஓடும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ், 1989இல் அதன் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். மொத்த நேரக் கணக்கில் 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், வழியில் தனக்கு நேர வித்தியாசமே சொல்ல வேண்டாம் என்று காரில் வந்த தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். முழு டூரையும் 8 விநாடியில் வென்றார். காற்றைக் குறைக்க முன்னால் நீண்டிருக்கும் ஏரோ ஹேண்டில்பாரில் குனிந்து ஓட்டியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், அதுவும் நியாயம்தான். எனக்குப் பிடித்தது அந்த 'சொல்லாதே'. நீங்களும் மீட்டரில் வேகம் காட்டும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பாருங்கள்.

தயாரிப்புக்கு ஐந்து வாரம் தாராளம். வாரம் ஒருநாள், பந்தயத்தில் போகும் கடுமையிலேயே 8 நிமிடம் மூன்று முறை, நடுவில் 5 நிமிடம் மெதுவாக. மூன்றாவது முதலாவதைவிட மெதுவாக வந்தால் பந்தயத்தில் செய்த அதே தப்பைப் பயிற்சியிலும் செய்கிறீர்கள். மிச்ச நாள் சும்மா ஓட்டுங்கள். இந்த எட்டு நிமிடங்களைக் குனிந்த நிலையிலேயே ஓட்டுவது முக்கியம்: முழங்கை மடங்கி, முன்கை தரைக்கு இணையாக. பழக்கமில்லாத முதுகு பத்தாவது நிமிடத்தில் நிமிர்ந்துவிடும். தலையைத் தாழ்த்துங்கள், ஆனால் கண் சாலையில் இருக்கட்டும். முன்சக்கரத்தையே பார்த்துப்போய் நின்ற வண்டியில் மோதியவர்கள் உண்டு.

கடைசி வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். அன்றைக்கு 20 நிமிடம் வார்ம்-அப், அதில் ஒரு நிமிட வேகங்கள் மூன்று. கிளம்ப ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். நம்பர் துணியை நாலு மூலையிலும் இறுக்கிக் குத்துங்கள், படபடவென்று அடித்தால் அது காற்றைப் பிடிக்கும். தொளதொள ஜெர்சியும் அப்படித்தான். புதுச் சக்கரம் வாங்கும் யோசனை இருந்தால் முதலில் ஒட்டிய உடுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டில் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் உங்கள் முகத்துக்கு நேரே ஐந்து விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். அப்போது கியர் லேசாகத்தான் இருக்க வேண்டும். மறந்துபோய்க் கனத்த கியரில் நின்றவர்கள் முதல் ஐம்பது மீட்டரிலேயே தொடையை எரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டி முடித்ததும் இரண்டு பாதியின் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். மொத்த நேரத்தை நானே கூட்டிக்கொள்கிறேன்.