ஆறு தாள்களில் ஒரு மரம்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகப் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படங்களும் கல்யாணப் போட்டோக்களும்தான் அதிகம் வரும். இங்கே பி.ஃபார்ம் படிக்க வந்த சூடான் நாட்டுத் தம்பி ஒருவர், படிப்பு முடிந்தும் போரினால் ஊர் திரும்ப முடியாமல் இருக்கிறார். இரவில் உட்கார்ந்து படம் வரைகிறார். சென்ற மாதம் ஆறு தாள்கள் கொண்டுவந்தார். ஆறையும் சேர்த்து வைத்தால் ஒரே மரம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஃபிரேம் போட வேண்டுமாம். ஒரே பெரிய தாளில் வரைந்தால் என்ன என்று கேட்டேன், சிரித்துக்கொண்டார். தெரிந்தவர் யாருமற்ற நாட்டில் ஒருவர் ஓவியராகக் காலூன்ற முடியுமா?
– ஃபிரேம் கடைக்காரர், சேலம்

பதில்: உங்கள் கடிதம் வந்த வாரமே ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து, உங்கள் கடை மேசையில் அந்த ஆறு தாள்களையும் பரப்பிப் பார்த்தேன். கறுப்பு மையில் வரைந்த கோடுகள். ஒரு தாளின் விளிம்பில் முடியும் கிளை, அடுத்த தாளில் ஒரு நகத்தின் அகலம் தள்ளித் தொடங்குகிறது. அது கைப்பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய நாட்டின் மூத்த ஓவியர் இப்ராஹிம் எல் சலாஹி, 1930ல் ஓம்துர்மானில் பிறந்தவர். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பி அவர் வைத்த கண்காட்சியை, சொந்த மக்களே திரும்பிப் பார்க்கவில்லை. மனம் நொந்தவர், சூடான் முழுவதும் சுற்றி, வீடுகளில் மாட்டியிருந்த அரபு எழுத்துகளையும் கைவினைக் கோலங்களையும் கவனித்து, அவற்றிலிருந்து தாம் கோடு வரையும் பாணியைப் புதிதாக உருவாக்கிக்கொண்டார். 1975ல், ஆட்சிக் கவிழ்ப்பில் பங்கு என்ற குற்றச்சாட்டின் பேரில், விசாரணையின்றி ஆறு மாதம் கார்ட்டூம் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே தாளும் பென்சிலும் வைத்திருப்பது குற்றம். கிடைத்த காகிதத் துண்டுகளில் வரைந்து, காவலர் வருவதற்குள் மண்ணில் புதைத்துவைத்தார். விடுதலைக்குப் பிறகு கத்தார் சென்று, 1998 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்தபோதும், சிறிய தாள் ஒன்றில் தொடங்கி, படம் கேட்கக் கேட்கப் பக்கத்தில் தாள் சேர்த்துக்கொண்டே போகும் முறையை அவர் விடவில்லை. 1980களின் நடுவில் அவர் வரைந்த பெரிய மை ஓவியம் ஒன்று ஒன்பது பலகைகளால் ஆனது. இந்தத் தம்பி இவரை அறியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைல் கரையில் ‘ஹராஸ்’ என்றொரு மரம் உண்டு. மழைக்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து நின்று, எல்லா மரமும் காயும் கோடையில் பச்சை கட்டும். எல் சலாஹி முதுமையில் திரும்பத் திரும்ப வரைந்தது இந்த மரத்தைத்தான்.

காலூன்ற முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் காலம் பிடிக்கும் என்பதே என் பதில். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் எல் சலாஹிக்கு முழுக் கண்காட்சி வைத்தது 2013ல். அப்போது அவர் எண்பதைத் தாண்டிவிட்டார். ஆகவே ஒரு வேண்டுகோள்: தாள்களைப் பின்பலகையில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஏழாவது தாளும் வரக்கூடும்.

கேள்வி: என் மருமகன் ஏற்காடு ஏரிக்கரையில் கடை வைத்திருக்கிறார். ஏரி, லேடீஸ் சீட் காட்சிகளை வரைந்து கொடுத்தால் விற்றுத் தருவதாகச் சொல்கிறார். தம்பி தயங்குகிறார். நான் வற்புறுத்தலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர்கள் இங்கே தொழில் செய்து பணம் ஈட்ட அனுமதி இல்லை. உங்கள் அன்பே அவருக்கு வினையாகிவிடக் கூடாது. விசா நிலையை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் அவரே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும். ஏரியைத் தமக்காக வரைந்து பழகுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

நாளை அவர் எந்த நாட்டில் குடியேறினாலும் வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஜெரார்ட் செகோட்டோவின் ஓவியத்தை 1940லேயே ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் விலைக்கு வாங்கியிருந்தது. அங்கே படம் வாங்கப்பட்ட முதல் கறுப்பின ஓவியர் அவர். அப்படிப்பட்டவர் 1947ல் பாரிஸ் போய்ச் சேர்ந்து, இரவு விடுதியில் பியானோ வாசித்துத்தான் பிழைத்தார். 1993ல் இறக்கும் வரை தாய்நாடு திரும்பவே இல்லை. பிழைப்புக்காகச் செய்யும் வேறு வேலை ஓவியனைக் கெடுத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அதை ஏற்கவில்லை. பி.ஃபார்ம் படிப்பு அவருக்குக் கைகொடுக்கும். பகலில் மருந்துக் கடையில் நின்றாலும் இரவு அவருடையது. விற்பனைக்காகத் தாம் கோடு வரையும் பாணியையே மாற்றிக்கொள்வதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. இந்த விஷயத்தில் தம்பியின் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

கேள்வி: நான் அம்மாப்பேட்டையில் சேலைக்கு டிசைன் போடுகிறவள். புலம்பெயர்ந்த ஓவியர்கள் தாய்நாட்டையும் வந்த நாட்டையும் ஒரே படத்தில் கலக்கும்போது இரண்டுமே நீர்த்துப்போகாதா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: மேலோட்டமாகக் கலந்தால் நீர்த்துத்தான் போகும். நைஜீரியாவின் எனுகு நகரில் 1983ல் பிறந்த ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பி செய்வதைப் பாருங்கள். 1999ல் அமெரிக்கா சென்றவர், மருத்துவராகும் எண்ணத்தில் உயிரியல் படித்து, பின் ஓவியத்துக்குத் திரும்பி, 2017ல், படைப்பாற்றலுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்ஆர்தர் நிதிநல்கை பெற்றார். அவருடைய படத்தில் அமெரிக்க வீட்டு அறை ஒன்று இருக்கும்; சுவரையும் தரையையும் நெருங்கிப் பார்த்தால், நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் குடும்பப் புகைப்படங்களும் ரசாயனத்தின் உதவியால் தாளில் பதிந்து, துணியின் நெசவுபோல நிறைந்திருக்கும். தலைவர்களின் முகம் அச்சிட்ட நைஜீரியத் துணிகளையும் பயன்படுத்துகிறார். அவருடைய தாயார் தேர்தலில் நின்றபோது அச்சிட்ட துணியும் அவற்றில் உண்டு. அவர் எடுத்துக்கொள்வது ‘ஆப்பிரிக்கா’ என்ற பொதுப் பெயரை விட்டு, தம் வீட்டுக் கதவுக்குள் இருந்த பொருள்களை. ஆகவே அது நீர்ப்பதில்லை.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று: சூடானியப் பெண்கள் உடல் முழுவதும் சுற்றிக்கொள்ளும் ‘தோப்’ ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளத் துணி. புதிதாக வரும் தோப்புகளுக்கு, அந்தந்தக் காலத்து நிகழ்ச்சிகளை வைத்துப் பெண்களே பெயர் சூட்டுவார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் அந்தத் தம்பியைச் சந்தித்தால், அவருடைய தாயார் உடுத்திய தோப்புகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எனக்கும் அந்தப் பட்டியல் வேண்டும்.