பரணும் பிள்ளைகளும்: கோடை விடுமுறைக் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளில் ஒன்பது வாடகை வீடுகள் மாறியவள் நான். ஒன்பது முறை பரணைக் காலி செய்தேன் என்பதுதான் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

பள்ளி திறப்பதற்குள் பரண், பீரோ, சமையலறை மூன்றையும் ஒழித்துவிட நினைக்கிறேன் அக்கா. பிள்ளைகளோ எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்கிறார்கள். (திருச்சி வாசகி)

மூன்றில் இரண்டை விட்டுவிடுங்கள். பீரோவையும் சமையலறையையும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் தனியாகவே பார்த்துக்கொள்ளலாம். பரணுக்குத்தான் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும்; மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் பத்து மணிக்கு மேல் தலை நீட்ட முடியாது. காலை ஆறரை முதல் எட்டரை வரை வேலை, அதோடு சரி. ஒரு நாளைக்கு ஒரு சாக்குதான் கீழே இறங்க வேண்டும். மொத்தத்தையும் கூடத்தில் கொட்டிப் பாருங்கள், அன்றைக்கென்று விருந்தாளி வருவார். மூட்டை தூக்குவதை விட, ‘இது வேண்டுமா, வேண்டாமா’ என்று நூறு முறை யோசிப்பதுதான் ஆளை அடித்துப்போடும். அதன்பின் பிள்ளைகளிடம் எரிந்து விழுவோம்.

பரண் முழுக்க மாமியாரின் பித்தளை அண்டா, தவலை, எவர்சில்வர் அடுக்குகள். எதையும் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். (மதுரை வாசகி)

விடமாட்டார்தான். அவருடைய சீர்ப் பாத்திரம் அது, உங்கள் குப்பை அல்ல. ‘ஒழிக்கப் போகிறோம்’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கலாம் என்று சொல்லி இறக்குங்கள். துலக்கியபின் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து, வெட்டியிருக்கும் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் தூக்கின் விளிம்பில் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக இருக்கும். ‘இது யார் பாட்டி?’ என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் போதும், பகல் முழுக்கக் கதைதான். எங்கள் வீட்டில் ஒரு குத்துப்போணி வழியாகத்தான், சண்டை போட்டுக்கொண்டு போன பெரியத்தை ஒருவர் உண்டு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. கதை சொல்லி முடித்தபின் என் மாமியார் தாமாகவே நான்கு அண்டாக்களைத் தள்ளிவைத்தார். உங்கள் மாமியாரும் அப்படியே செய்வார் என்று உறுதி சொல்ல மாட்டேன். செய்யாவிட்டாலும் பாத்திரம் பளபளப்பாகிவிடும்.

பழைய நோட்டு, புத்தகங்களை எடைக்குப் போடலாமா? (கடலூர் வாசகர்)

போடலாம். முதலில் ஒவ்வொன்றையும் பிடித்து உதறுங்கள். பணமும் ஜாதக நகலும் உள்ளேதான் கிடக்கும். எழுதாத தாள்களைப் பிள்ளைகள் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்தால் ஆண்டு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும். கடைக்காரர் தராசில் நிறுக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கட்டும், வரும் காசும் அவர்களுக்கே. ராமபாணப் பூச்சி அரித்ததை மட்டும் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். அந்துருண்டை போடுவதாக இருந்தால், சின்னக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பார்க்க மிட்டாய் போலவே இருக்கும், விழுங்கினால் ஆபத்து.

பட்டுப்புடவைகளை வெயிலில் காயப்போடலாமா?

நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடியுங்கள். இல்லாவிட்டால் சரிகை மடிப்போடு முறியும்.

கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அன்று பரண் வேலை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது.

மகள் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் பழைய பொம்மைகளை எடுத்துவிட்டால் அழுகை இருக்காது அல்லவா? (சேலம் வாசகி)

நானும் இப்படித்தான் நினைத்தேன். மகன் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அவனுடைய மூன்று சக்கர வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். பெடல்கூட இல்லாத வண்டி. அவன் திரும்பி வந்து அழவில்லை. சாப்பிடும்போது ‘அது எங்கே போச்சு?’ என்று மட்டும் கேட்டான். இப்போது அவனுக்கு 31 வயது. என் கைப்பேசியைக் காணவில்லை என்றால், ‘இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டீர்களா அம்மா?’ என்கிறான். மகள் வரட்டும். ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, ‘இது கொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்’ என்று சொல்லுங்கள். தலையில்லாத பொம்மையை வைத்துக்கொண்டு புதியதைத் தந்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

பரணில் ஒரு பல்லாங்குழி கிடைத்தது. பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். ஆனால் சோழி இல்லை. (தஞ்சாவூர் வாசகி)

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 வேண்டும். ஆண்டுக்கு வாங்கிய புளியில் கொட்டை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள்.