ஞாயிறு மட்டும் பந்து போட்டால் முதுகு தாங்குமா?

கேள்வி: எனக்கு 23 வயது. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றுக்கு வலக்கை மீடியம் பேஸ் போடுகிறேன். வார நாட்களில் ஐ.டி. வேலை. ஞாயிறு மேட்சில் எட்டு, பத்து ஓவர் போட்டால் கீழ்முதுகில் இடது பக்கம் வலி பிடித்துக்கொள்கிறது, புதன் வரை விடுவதில்லை. முதுகுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று மற்ற ஆறு நாளும் பந்தையே தொடுவதில்லை. தினமும் 5 கி.மீ. ஓடுகிறேன், ஜிம்முக்கும் போகிறேன். இன்னும் என்ன பயிற்சி எடுக்க வேண்டும்?

பதில்: பயிற்சி இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள். ‘இடது பக்கம்’ என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வலக்கை வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகெலும்பில் அழுத்தத்தால் விரிசல் விழுந்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கமான இடதில்தான் விழும். அதுவும் கீழ் முதுகின் கடைசி இரண்டு கணுக்களில். 25 வயதுக்குள் இந்த ஆபத்து கூடுதல், எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. இடது காலில் மட்டும் நின்று மெல்லப் பின்னால் வளையுங்கள். அதே இடத்தில் சுருக்கென்றால் தாமதிக்காதீர்கள். வலிக்காவிட்டாலும் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஒரு பந்துகூட வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேட்ச் ஆடுவது கூடவே கூடாது.

இனி உங்கள் ஆறு நாள் ஓய்வுக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் கெடுதல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு வரை விசை மேலே ஏறுகிறது. வேகம் கூடினால் அதற்கும் மேல். அதே நொடியில் முதுகு வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. பத்து ஓவர் என்றால் அது 60 முறை. வாரம் முழுக்க பூஜ்யம், ஞாயிறு மட்டும் 60 என்றால் எலும்பு அதற்குப் பழக வழியே இல்லை. இந்தத் திடீர் ஏற்றத்தின் விளைவு மூன்று நான்கு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால்தான் காரணம் பிடிபடாமல் போகிறது.

பந்து வீசத் தேவையான உடலைப் பந்து வீசித்தான் பெற முடியும். கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணி வீச வேண்டும். டாக்டர் அனுமதித்த பின் வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, 24 பந்து போடுங்கள். பாதி ரன்-அப் (பந்து வீச ஓடிவரும் தூரம்), முக்கால் வேகம் போதும். வாரத்துக்கு ஒரு ஓவர் கூட்டினால் ஐந்தாவது வாரம் ஒரே நாளில் 48 பந்து வந்துவிடும். மேட்ச் தொடங்கியபின் செவ்வாய் 24, வியாழன் 36, ஞாயிறு மேட்ச், சனி ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ம்-அப்பில் போடுவதும், ஆபீஸ் நண்பர்களோடு டர்ஃபில் டென்னிஸ் பந்தில் போடுவதும் கணக்கில் சேர வேண்டும். நான் பார்த்தவரை கணக்கு தவறுவது அங்கேதான்.

வேலை முடிந்து வந்தால் நெட்ஸில் வெளிச்சம் இருக்காதுதான். காலையில் ஓடுகிற நேரத்தை இதற்குத் திருப்புங்கள். ஒரு ஸ்டம்ப், ஆறு பந்து போதும். ஸ்டம்புக்கு ஆறேழு மீட்டர் முன்னால் ஒரு கைக்குட்டையை விரியுங்கள். 36 பந்தில் எத்தனை அதன் மேலோ, ஒரு சாண் பக்கத்திலோ விழுந்தன என்று நோட்டில் எழுதுங்கள். எத்தனை பந்து போட்டோம் என்பதும் லென்த் (பந்து தரையில் படும் தூரம்) எவ்வளவு சரியாக விழுந்தது என்பதும் ஒரே வரியில் வந்துவிடும்.

5 கி.மீ. ஓட்டம் வாரம் ஒரு முறை போதும். உங்கள் ரன்-அப் 18 மீட்டர் என்றால் எட்டு ஓவரில் நீங்கள் வேகமாக ஓடுவது மொத்தமே 864 மீட்டர், அதுவும் 48 துண்டுகளாக. அப்படியே பழகுங்கள்: 20 மீட்டர் பாய்ந்து ஓடி, நடந்து திரும்புங்கள், ஆறு முறை ஆனால் ஒரு ஓவர். மூன்று நிமிடம் ஓய்வு, அது எதிர்முனை ஓவருக்கான நேரம். இப்படி நாலு ஓவர். ஜிம்மில் சைடு பிளாங்க், ஒற்றைக்கால் ஸ்குவாட், கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்தல், எடை குறைத்து முறையான டெட்லிஃப்ட். மற்றதெல்லாம் அப்புறம்.

கடைசியாக, பந்து வீசும் முறை, அதாவது ஆக்‌ஷன். நண்பரை நேர் பின்னால் நிறுத்தி போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பின்கால் ஊன்றும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்த்தால் நல்லது. இடுப்பு பேட்ஸ்மேனை நோக்கி, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நடுவில் முறுக்கப்படுவது உங்கள் கீழ்முதுகு. இதை ஒரு பயிற்சியாளரிடம் காட்டித்தான் திருத்த வேண்டும், யூடியூப் பார்த்து வேண்டாம். திருத்த முடியுமா என்று தயங்காதீர்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் விரிசல். ஆட்டத்தை விட்டு விலகி, உடலைத் தேற்றி, ஆக்‌ஷனையும் திருத்திக்கொண்டு திரும்பிய அவர் 355 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். 1987இல் நம் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் இளம் பவுலர்களின் ஆக்‌ஷனைப் பல ஆண்டுகள் பார்த்துத் திருத்தியவரும் அவரே.

கேப்டனிடம் இப்போதே பேசிவிடுங்கள்: திரும்பி வரும் முதல் மாதம் ஒரு ஸ்பெல்லுக்கு (தொடர்ந்து வீசும் ஒரு சுற்றுக்கு) நாலு ஓவர், ஒரு நாளுக்கு எட்டு. வலி திரும்பினால் ஓவர் நடுவிலும் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.