அணையில் சேரும் மண்ணைத் தோட்டத்திலேயே நிறுத்த முடியுமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் குந்தா தாலுகாவில் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறேன். மழை பெய்தால் கீழே ஓடை செம்மண் நிறத்தில் ஓடி அணைக்குப் போகிறது. அணை சேறாகிப்போனதற்குக் காய்கறி விவசாயிகள்தான் காரணம் என்கிறார்கள். தூர்வாரிவிட்டால் தீராதா? என் பங்குக்கு நான் என்ன செய்வது?

பதில்: முதலில் பழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது முழுக்க உங்களுடையது அல்ல. சாலைக்காக வெட்டிச் சரிவில் தள்ளிய மண், கட்டடத்துக்காகத் தோண்டிய மண், நிலச்சரிவு எல்லாமே அதே ஓடையில்தான் இறங்குகின்றன. 2019 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் காடும் சேர்ந்தே சரியும். ஆனாலும் வருடாவருடம் சத்தமில்லாமல் போகும் மண்ணில் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் கண்ணுக்கே தெரியாது. கணக்குப் போட்டால் அது 6 கன மீட்டர், அதாவது மண் லோடு கணக்கில் சுமார் 2 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

தூர்வாருவது அவ்வளவு எளிதல்ல. ஓடை அணைக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, மணலையும் கல்லையும் நுழையும் இடத்திலேயே போட்டுவிடும். நுண்ணிய களிமண் மட்டும் மதகு வரை போகும். ஆக, அணையின் அடிப்பகுதி மட்டுமல்ல, பயன்படும் கொள்ளளவும் குறைகிறது. அள்ள வேண்டுமானால் நீரை இறக்க வேண்டும், அதுவரை மின் உற்பத்தி பாதிக்கும். அள்ளிய சேற்றைக் கொட்ட மலையில் சமதளம் ஏது? சரிவில் கொட்டினால் அடுத்த மழைக்குத் திரும்பி வந்துவிடும். அடிமதகைத் திறந்து விட்டாலோ சேறு கீழே உள்ள பில்லூர் அணைக்குப் போகும். அது கோயம்புத்தூர் குடிக்கும் தண்ணீர். தூர்வாரும் தேவை இருக்கத்தான் செய்கிறது. மேலே மண் நிற்காதவரை அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். மேலிருந்து கீழாகப் பார் (செடி நடும் மண்மேட்டு வரிசை) பிடிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பார்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் மழையில் ஒரு குட்டி ஓடையாகிவிடுகிறது. மழைக்காலத்துக்கு முன் நடும் கார்போகத்தில் இது இன்னும் மோசம். மண் அணைத்து முடித்த கையோடு ஜூன் மழை பிடித்துக்கொள்கிறது. அப்புறம் கிழங்கு தோண்டும்போது நிலம் முழுவதும் பொலபொலவென்று கிடக்கும். நீரைத் தடுக்க வேண்டாம், நடக்கவைத்து அனுப்புங்கள்.

இதற்கு நம் மலையில் பொருந்துவது உள்சரிவுப் படிகள். 10 அடி அகலப் படி என்றால் வெளி விளிம்பைவிட மலைப்பக்கத்து உள் விளிம்பு 3 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். உள் ஓரத்தில் ஒரு சிறு கால்வாய் எடுத்து, லேசான வாட்டத்தில் (சரிவில்) பக்கவாட்டில் கொண்டுபோய், கல் பதித்த அல்லது புல் மூடிய வடிகாலில் இறக்குங்கள். இந்த வடிகாலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை என்றால் முதல் பெருமழையே படிகளை உடைத்துவிடும். ஆகவே வடிகாலை முதலில் கட்டிவிட்டு, படி வெட்டும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது கறுத்த மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில் மேலே பரப்புங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் படுத்துவிடும். படிக்கும் படிக்கும் நடுவிலுள்ள நெற்றிச் சரிவில் புல் இருக்கட்டும், அதைச் சுரண்டி வழிக்க வேண்டாம். அது மாட்டுக்கும் ஆகும். மண் ஆழமில்லாத செங்குத்தான துண்டு இருந்தால் படி வெட்டாமல் தேயிலைக்கோ புல்லுக்கோ விட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவும் ஒரே வருடத்தில் முடியாது என்றால், சரிவுக்குக் குறுக்கே பார் பிடிப்பதில் தொடங்கலாம். ஓடைக்கரையில் ஒரு சில அடி அகலம் உழாமல் புல்லோடு விடுங்கள். வடிகால் ஓடையில் சேரும் இடத்துக்குச் சற்று முன் ஒரு மண்பிடி குழி எடுத்து, நிரம்பும்போதெல்லாம் அள்ளித் தோட்டத்திலேயே போடுங்கள். உரம் போட்டு வளர்த்த மண் அது, அணைக்குக் கொடுப்பதற்கல்ல.

மண் தோண்டும் இயந்திரத்தை அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தால் நிலத்தைப் பார்த்து வாட்டம் எடுத்துத் தருவார்கள். எந்த மானியம் நடப்பில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள். முடிந்தால் மேல் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நிலத்து நீர் உங்கள் படியில் இறங்கிக்கொண்டே இருந்தால் நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது நிற்காது.